செவ்வரத்தைக்கு வெட்டிய கிடங்குகள்

போன கிழமை மகள் வவுனியாவில் வேலை முடிந்து வரும்போது ஆறு பூங்கன்றுகள் வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்புப் பைகளில் வளர்த்து விற்பவை. மூன்று செவ்வரத்தை, ஒரு நந்தியாவட்டை, ஒரு மல்லிகை, பெயர் தெரியாத மஞ்சள் பூ ஒன்று. அவற்றைக் குசினி வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, "அப்பா, எங்க நடுறதெண்டு இடத்தைக் காட்டுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாள்.

அன்றிலிருந்து நான் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வளவுக்குள் நடக்கிறேன். ஓர் இடத்தில் போய் நிற்பேன். நாலு பக்கமும் பார்ப்பேன். பிறகு மண்ணைத் தொடாமலே அடுத்த இடத்துக்குப் போவேன். மூன்றாம் நாள் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஆரிட்டப் பிள்ளை கேட்டனி? உந்த மனிசன் இடம் பாத்து முடிக்க, உன்ர பேரப்பிள்ளையள்தான் வந்து தண்ணி ஊத்துவினம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எதையும் உடனே வாயால் விளக்கிச் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பூமரத்துக்கு இடம் பார்ப்பது இலேசான வேலை அல்ல என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். ஏன் இலேசல்ல என்பதுதான் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். அப்பாவின் அண்ணன், என்னுடைய பெரியப்பா, எங்களுக்கு ஐந்து வருடம் முந்தியே வந்து கனகராயன்குளத்துக்குக் கிட்டக் காணி எடுத்து வயல் செய்துகொண்டிருந்தார். அவர்தான் அப்பாவுக்கும் குளத்துக்குக் கீழே வயலும், மேட்டில் வீடு கட்ட வளவும் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தார். அதற்கு முன் கடிதத்துக்கு மேல் கடிதம். "அங்க அரை முழ வேலிக்கு அடிபடுறதிலும் பாக்க, இஞ்ச வந்து கையைக் காலை நீட்டி இருங்கோவன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வசனம் இருக்கும். கடைசியில் அப்பா ஓம் என்றார். அம்மா ஓம் என்றாவா என்பது எனக்கு நினைவில்லை. "மூண்டு போகம். மூண்டு போகம் விளைஞ்சு கையில ஏதும் சேர்ந்தவுடன திரும்பி வாறம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. போகம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ கொஞ்ச நாள் என்று விளங்கிக்கொண்டேன்.

சாமான்கள் எல்லாம் லொறியில் போயின. அலுமாரி, கட்டில், உரல், கல்யாணத்துக்குக் கொடுத்த பெரிய அண்டா எல்லாவற்றையும் லொறிக்காரனை நம்பிக் கொடுத்த அம்மா, ஐந்து பால்மாத் தகரப் பேணிகளை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டா. தன் தாய்வீட்டில் தடி முறித்து, பேணிகளில் மண் நிரப்பி, ஊன்றி வைத்திருந்த பூமரங்கள் அவை. இரண்டு அடுக்குச் செவ்வரத்தை, ஒரு வெள்ளைச் செவ்வரத்தை, ஒரு நந்தியாவட்டை, ஒரு மல்லிகை. பஸ்ஸில் அம்மாவின் மடியில் இரண்டு, என் மடியில் ஒன்று, காலடியில் இரண்டு. ஆனையிறவு கிட்ட வரும்போது கொண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"அக்கா, இவைக்கும் ரிக்கற் எடுக்கோணும்."

பஸ்ஸே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "சின்னப்பிள்ளையள்தானே, அரை ரிக்கற் தாங்கோ" என்றா. கொண்டக்டர் அடுத்த சீற்றுக்குப் போய்விட்டார்.

புது வளவு எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பெரியது. ஊரில் எங்கள் வளவின் ஒரு வேலியில் நின்று தும்மினால் மற்ற வேலிக்கு அப்பால் இருப்பவர் நூறு வயசு என்பார். இங்கே எல்லை எங்கே என்று பார்க்கவே நடந்து போக வேண்டும். வீட்டைச் சுற்றிக் காடு வெட்டியபோது விட்டுவைத்த ஒரு பாலை மரம் குசினிக்குத் தெற்கே நின்றது. மற்றதெல்லாம் வெறும் மண். அம்மா குசினிக்குப் பின்னால் பலகை ஒன்று போட்டு ஐந்து பேணிகளையும் அதில் அடுக்கி வைத்தா. ஒவ்வொரு நாளும் காலையில் அரிசி கழுவிய தண்ணீர் அவற்றுக்குத்தான்.

வந்த அடுத்த கிழமையே அப்பா கேட்டார், இதுகளை எங்கே நடுவது என்று. அம்மா, "நீங்களே ஒரு இடம் பாருங்கோவன்" என்றா. அப்பா கிணற்றடியில் கிடங்கு வெட்டினார். முழங்கால் ஆழம், நல்ல சதுரமாக. "இஞ்சாரும், வெட்டியாச்சு. வந்து பாரும்" என்று கூப்பிட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல கிடங்குக்குள் எட்டிப் பார்த்தா.

"குளிக்கிற சவுக்காரத் தண்ணியெல்லாம் இதாலதானே ஓடும். வேர் வெந்துபோம்."

அப்பா அதை யோசிக்கவில்லை. தலையைச் சொறிந்தார். அடுத்த நாள் படலையடியில் வெட்டினார்.

"படலையடியில வைச்சா போறவாறவை எல்லாம் முறிச்சுக்கொண்டு போவினம்."

அந்த மாதத்தில் எங்கள் படலையால் போய்வந்தவர்கள் பெரியப்பாவும், கிழமைக்கு ஒரு தடவை சைக்கிளில் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானாவும் மட்டுந்தான். ஆனாலும் அப்பா மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்குக் கிழக்கே வெட்டினார். காலை வெயில் நேரே அடிக்கும் என்றா. மேற்கே வெட்டினார். பின்னேர வெயில் அதைவிட மோசம் என்றா. அப்பா மண்வெட்டிப் பிடியில் நாடியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அப்ப சூரியனைத்தான் பிடுங்கி வேற பக்கம் நடோணும்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. பேணிகள் பலகையிலேயே இருந்தன.

நாலு கிடங்குகளும் சும்மா கிடக்கவில்லை. கிழக்குக் கிடங்கில் கோழி முட்டையிடத் தொடங்கியது. மேற்குக் கிடங்குக்குள் நான் இரண்டு தரம் விழுந்தேன். படலையடிக் கிடங்கில் மழைத்தண்ணி நின்று தவளைகள் குடிவந்தன. அதற்குள்தான் ஒருநாள் நானா சைக்கிளோடும் துணி மூட்டையோடும் இறங்கினார். அப்பா ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். நானா சேற்றைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்:

"ஏன் தங்கச்சி, என்னை யானையெண்டு நினைச்சிட்டீங்களோ? பிடிக்கிறதுக்குக் குழி வெட்டி வைச்சிருக்கிறீங்க?"

வெட்கத்தில் அம்மா அன்று தேவையில்லாமல் இரண்டு யார் சீத்தைத் துணி வாங்கினா. நானா நல்ல மனிதர். ஆனால் போகிற வீடெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டுக்குக் 'கிடங்கு வீடு' என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் 'கிடங்கு வீட்டான்' ஆனேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறொரு துன்பமும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூசை நடக்கும். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளை பூக் கொண்டுவர வேண்டும். முதல்முறை என் முறை வந்தபோது, எங்கள் வீட்டில் பூ இல்லை என்று ரீச்சரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிற வழியில் நின்ற ஆவாரஞ்செடியில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு போனேன். ரீச்சர் அதை வாங்கிச் சாமிப் படத்துக்கு வைத்தா. பின்வாங்கிலிருந்துதான் சத்தம் வந்தது.

"டேய் கிடங்கு வீட்டான், ஆட்டுக்கு வைச்சிருந்ததைக் கொண்டந்திட்டியோ?"

அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே பலகையடிக்குப் போனேன். அடுக்குச் செவ்வரத்தை ஒன்றில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. அடுத்த முறை வருவதற்குள் இவை வளர்ந்து பூத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஆனால் அவை வளர்வதாயில்லை. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மொட்டு விரியாமலே விழுந்தது. "பேணிக்குள்ள வேர் சுத்தத் தொடங்கிட்டுது. உப்பிடியே விட்டா எல்லாம் செத்துப்போம்" என்று அப்பா சொன்னார். அம்மாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் பழுத்த இலைகளைக் கிள்ளி, யாருக்கும் காட்டாமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவா.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். நாலு கிடங்குகளையும் சுற்றிப் பார்த்தார். வன்னிக்கு வந்து ஐந்து வருடந்தான். ஆனால் பேச்சைக் கேட்டால் குளத்துக்கு முதல் கட்டுப் போட்டவரே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

"இதென்னடா தம்பி, புதையல் தேடுறியோ?"

அப்பா விசயத்தைச் சொன்னார். பெரியப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இஞ்சத்த மண்ணை மனிசன் பாத்துக் கண்டுபிடிக்கேலாது. மாட்டிட்டக் கேக்கோணும். உந்த நாம்பன் மாட்டை அவிட்டு வளவுக்குள்ள விடு. அது தானா எங்க படுத்து அசை போடுதோ, அந்த இடத்துக்குக் கீழ ஈரம் இருக்கும், புத்து இருக்காது. நான் கிணறு வெட்டினதே அப்பிடித்தான்."

பெரியப்பாவின் கிணறு ஆடி மாதம் வந்தால் வற்றிவிடும். அதை அப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை.

அம்மா குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருசனின் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவது குறைவு. பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா என்னிடந்தான் சொல்லுவா. அவர் பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

"பெரியப்பாட்டக் கேள், மாடு படுக்காட்டி என்ன செய்யிறதாம்?"

"பெரியப்பா, மாடு படுக்காட்டி..."

"படுக்கும் எண்டு அம்மாட்டச் சொல்லு."

"அம்மா, படுக்குமாம்."

"பொழுதுபடுமட்டும் அதுக்குப் பின்னால திரியேலாது. நாலு மணி பஸ் போகுமட்டும் பாப்பம். அதுக்குள்ள படுத்தா அந்த இடத்தில நடட்டும். படுக்காட்டி உந்தக் கதையை இனி ஒருத்தரும் எடுக்கக்கூடாது. பேணி பேணியாவே இருக்கட்டும் எண்டு சொல்லு."

இவ்வளவு நீளத்தை என்னால் காவ முடியவில்லை. "அம்மா நாலு மணி எண்டுறா" என்று மட்டும் சொன்னேன். பெரியப்பா, "ஓம், ஓம், காது கேட்டது" என்றார். அப்பா அம்மாவைப் பார்க்காமல், "சரி" என்றார்.

எங்கள் நாம்பன் ஓர் இடத்தில் நிற்காது என்று அம்மாவுக்குத் தெரியும். கட்டையிலிருந்து அவிழ்த்தால் வயலுக்குத்தான் பாயும். அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டா. ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் எங்கே இருந்தாலும் அது வந்து எனக்குப் பக்கத்தில் படுக்கும். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத நான் அந்த நாம்பனோடு மட்டும் கதைப்பேன். அதன் கழுத்துக்குக் கீழே தொங்குகிற தோலைச் சொறிந்துவிட்டால் என் தொடையில் நாடியை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடும். வீட்டில் இதை யாரும் கவனித்ததில்லை. சத்தம் போடாத பிள்ளையை யார் கவனிப்பார்கள்?

ஆகவே எங்கே போய் இருப்பது என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி. அம்மாவுக்குப் பிடித்த இடமாக இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஐந்தாவது கிடங்கும் வீண். அதற்கும் விடை என்னிடம் இருந்தது. பாலை மரத்துக்கு இப்பால், குசினிக்குத் தெற்கே, மண் கொஞ்சம் உயர்ந்த ஓர் இடம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அம்மா சுளகோடு அங்கே போய் நின்று அரிசி புடைப்பா. "இதிலதான் காத்து வருது" என்பா. அங்கே நின்றால் வயல்வெளி முழுக்கத் தெரியும். வயலுக்கு அப்பால் பெரிய றோட்டு. நாலு மணிக்கு யாழ்ப்பாணம் போகிற சிவப்பு பஸ் அதில் சின்னதாக ஊர்ந்து போகும். அம்மா புடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் நின்று புடைப்பா. அரிசி முடிந்த பிறகும் சுளகைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பா. இந்தப் பெரிய வளவில் அம்மாவுக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான் என்று ஏழு வயது எனக்குத் தெரிந்தது. நாலு கிடங்கு வெட்டிய அப்பாவுக்கு இது ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

நான் என் வாசிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குந்தினேன்.

அப்பா நாம்பனை அவிழ்த்துவிட்டார். அது ஒரு சுற்று ஓடியது. கிழக்குக் கிடங்கை எட்டிப் பார்த்துக் கோழியிடம் கொத்து வாங்கியது. படலையடியில் தவளைத் தண்ணீரை மணந்தது. பெரியப்பா அதன் பின்னாலேயே, "படு ராசா, படு" என்று கெஞ்சிக்கொண்டு நடந்தார். அப்பா கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்தார். அம்மா முருங்கையிலையை ஆய்ந்து முடித்து, அரிசியைச் சுளகில் கொட்டி, கல் பொறுக்கத் தொடங்கினா. அடிக்கடி நிழலைப் பார்த்தா. அவவுக்கு அவசரம் இல்லை. நேரம் அவவின் பக்கம் இருந்தது.

நாம்பன் மேற்குப் பக்கம் போய் நின்றது. முன்னங்காலை மடித்தது. பெரியப்பா மூச்சை அடக்கினார். அது காலை நக்கிவிட்டு மறுபடியும் எழுந்தது.

"மாட்டுக்கும் மேற்கு வெயில் பிடிக்கேல்லையாக்கும்" என்றார் அப்பா. அம்மாவின் பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் தலையைத் தூக்கவில்லை. புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் களவு தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் வயலுக்குப் பாய்ந்துவிடும். கடைசியில் மெதுவாக, யாருக்கும் கேட்காமல், நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் மட்டும் செய்தேன். நாம்பன் காதை உயர்த்தியது. ஆடி ஆடி வந்தது. என் முதுகை மணந்தது. ஒரு பெருமூச்சு விட்டு, பாறை சரிகிறமாதிரி எனக்குப் பக்கத்தில் படுத்து, அசை போடத் தொடங்கியது.

"படுத்திட்டுது! நான் சொன்னனான்! தம்பி, கொண்டாடா மண்வெட்டியை!"

பெரியப்பா போட்ட சத்தத்தில் பாலை மரத்துக் காகம் பறந்தது. அம்மா சுளகோடு எழுந்து வந்தா. எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்தா. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டா. அந்த நேரம் பார்த்து வயலுக்கு அப்பால் சிவப்பு பஸ் வந்தது. அது வடக்கே போய், மரங்களுக்குள் மறையும்வரை அம்மாவின் கண் அதிலேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தா.

"நீ ஏனடா இதில வந்து இருந்தனி?"

பெரியப்பாவுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டா. எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

"இதுதானேம்மா உங்களுக்குப் பிடிச்ச இடம்?"

அம்மா என் தலையில் கை வைத்தா. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்து, "சரி. இதிலயே வெட்டுங்கோ. எல்லாத்தையும் இதிலயே நடுங்கோ" என்றா. கண்ணைத் துடைத்தா. சுளகுத் தூசி என்று சொன்னா. தான் தேடிய இடம் கிடைத்த சந்தோசம் என்று நான் நினைத்தேன். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான் என்ற பெருமையில் அன்று இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றேன்.

அப்பா ஐந்தாவது கிடங்கை மற்றவற்றைவிடப் பெரிதாக, நீளமாக வெட்டினார். பேணிகளைத் தட்டிக் கழற்றியபோது வேர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி, பேணி இல்லாமலே பேணி மாதிரி நின்றன. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா தகரத்தைத் தின்னத் தொடங்கியிருக்கும்" என்றார். மல்லிகை மட்டும் பிழைக்கவில்லை. மற்ற நாலும் மாரி மழையோடு வேர் பிடித்தன. வெறும் பேணிகளை அம்மா எறியவில்லை. கழுவிக் கவிழ்த்து, அலுமாரிக்கு மேல் வைத்தா.

செவ்வரத்தை வன்னி மண்ணில் ஆள் உயரத்துக்கு வளரும். அம்மா வளர விடவில்லை. சனிக்கிழமைகளில் கத்தி எடுத்துக்கொண்டு போய், தன் நெஞ்சு உயரத்துக்குமேல் எழும்பிய கொப்பெல்லாம் வெட்டிவிடுவா. "அதுவும் வளர்ந்து பாக்கட்டுமன்" என்று அப்பா சொன்னால், "தலை வெட்டினாத்தான் பூக்கும்" என்பா. வெட்டுகிற கொப்புகளில்தான் மொட்டுகளும் இருக்கும். என்னுடைய வெள்ளிக்கிழமைகளுக்கு நாலைந்து பூவுக்குமேல் தேறாது. பின்னேரங்களில் அம்மா அந்த மரங்களுக்கு இப்பால் நின்று, அவற்றுக்கு மேலால் பார்த்துக்கொண்டு அரிசி புடைப்பா.

மூன்று போகம் வந்து போயிற்று. நாலாவதும் வந்தது. திரும்பிப் போகிற கதையை யாரும் எடுக்கவில்லை.

பிறகு எப்போதோ அம்மா கத்தி எடுப்பதை நிறுத்திவிட்டா. எந்தச் சனிக்கிழமை என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் அது. அந்த வருடந்தான் சண்டையால் ஆனையிறவுப் பாதை பூட்டியது. நாலு மணி பஸ் நின்றது. சில மாதம் கழித்து என் பள்ளிக்கூடமும் நின்றது. கத்தி நின்றது அதற்கு முந்தியா பிந்தியா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முந்தி என்றால் அம்மாவுக்கு இந்த மண் பிடித்துப்போயிற்று என்று அர்த்தம். பிந்தி என்றால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று என்று அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல.

பல வருடம் கழித்துப் பாதை திறந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவவின் தாய்வீட்டுக்குப் போனேன். அங்கே அந்த அடுக்குச் செவ்வரத்தையின் தாய்மரம் நின்றது. கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில். சவுக்கார நுரை அதன் அடியில் வெள்ளையாகத் தேங்கி நின்றது. மரம் கொள்ளாத பூ.

"அம்மா, சவுக்காரத் தண்ணி..." என்று தொடங்கினேன்.

"ஓம். அதுக்கு இப்ப என்ன?" என்றா. வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. விறுவிறென்று வீட்டுக்குள் போய்விட்டா.

அப்போதுதான் எனக்கு அந்த நாலு கிடங்குகளும் விளங்கின. அம்மா ஒருநாளும் இடம் தேடவில்லை. பேணியில் இருக்கும்வரைதான் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகலாம். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். தெரியாத மனிதன் பேசாமல் நாலு கிடங்கு வெட்டமாட்டான். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். அம்மா ஊர்ப்பாதையைப் பார்த்து நிற்கிற ஒரே இடத்தில் கொண்டுபோய் மாட்டைப் படுக்க வைத்தவனும் நான்தான்.

இப்போது இருவரும் இல்லை. அம்மா கடைசியாக வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தா. அங்கே ஒரு பேணி வைக்கவும் இடமில்லை. இடம்பெயர்ந்து அலைந்து இந்த வளவுக்கு நான் திரும்பி வந்தபோது செவ்வரத்தைகள் நின்ற அடையாளமே இல்லை. பாலை மரம் மட்டும் ஒரு பக்கம் கருகி நின்றது.

நேற்று ஒருபடியாக மண்வெட்டியை மண்ணில் போட்டேன். படலையடியில் அல்ல. மகளின் பஸ் வருகிற நேரம் மனைவி அங்கேதான் போய் நிற்பாள். கிணற்றடியில் போட்டேன். அங்கே எதுவும் மறையாது. "உதுக்கோ ஒரு கிழமை?" என்றாள் மனைவி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மா கத்தி எடுக்காமல் விட்ட பிறகு, பாதை பூட்டுவதற்கு முந்தியோ பிந்தியோ, ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாள் பள்ளிக்கூடப் பூசைக்குப் பூக் கொண்டுபோவது என் முறை. செவ்வரத்தையை முதல் நாள் பின்னேரமே மொட்டாகப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் விரியும். மரங்கள் அம்மாவின் தலைக்கு மேலே ஒரு முழம் வளர்ந்து, மதில் மாதிரி அடர்ந்து நின்றன. அவ்வளவு மொட்டை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "இண்டைக்கு வேண்டிய மட்டும் பிடுங்கு" என்றா அம்மா. உச்சியில் இருந்தவை எனக்கு எட்டவில்லை. அம்மா இரண்டு கைகளாலும் பெரிய கொப்பைப் பிடித்து எனக்காக வளைத்தா. வளைத்தபோது அந்த இடைவெளியால் வயல் தெரிந்தது, றோட்டுத் தெரிந்தது. அநேகமாக நாலு மணி இருக்கும். இனி என்னை ஒருவரும் கிடங்கு வீட்டான் என்று சொல்லமாட்டார்கள் என்ற சந்தோசத்தில் நான் மொட்டுகளை மட்டும் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பை நிறைந்தது. "காணுமோ?" என்று கேட்டா. "காணும்" என்றேன். அதற்குப் பிறகும் அம்மா கொப்பை உடனே விடவில்லை, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றா. றோட்டில் பஸ் போனதா, வெறும் றோட்டுத்தான் கிடந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.